வலது மூலைப் பெட்டி

பேட்டி பதினொண்ணு அஞ்சுக்குன்னு சொன்னாங்க, மணி பதினொண்ணு பதினேழு ஆகுது, அங்க அமைச்சர் சொக்கநாதன் மைக்கை விரலால தட்டிப் பாக்கிறதும் பக்கத்துல நிக்கிற அதிகாரிகிட்ட என்னமோ கேக்கிறதுமா இருக்கார், இங்க ஸ்டூடியோவுல நான் பச்சைத் துணிக்கு முன்னாடி ரெண்டு கையையும் வயித்து மேல கோத்துக்கிட்டு நிக்கிறேன், மூக்கு அரிக்குது, சொறிய முடியாது, சொறிஞ்சா அதுக்கும் ஒரு அர்த்தம் எடுத்துக்குவாங்க எங்க ஆளுங்க. கருப்புச் சட்டை, வளையல் கிடையாது, மோதிரம் கிடையாது, கை பளிச்சுனு தெரியணும், அவ்வளவுதான் விஷயம். இந்தச் சட்டையைப் பாத்துட்டு போன மாசம் ஒருத்தர் டிவி ஆபீசுக்கே போன் பண்ணி, அந்தப் பொண்ணு எந்தக் கட்சி, எந்நேரமும் கருப்புலயே வருதேன்னு கேட்டாராம். எந்தக் கட்சியும் இல்லைங்க ஐயா, நான் பியூலா, காது கேக்காதவங்களுக்குச் செய்தியைக் கையால சொல்றவ, உங்க டிவியில வலது பக்கம் கீழ் மூலையில சின்னதா ஒரு பெட்டி தெரியும் பாருங்க, அதுக்குள்ள ஆடுறது நான்தான். விளம்பரம் வந்தா பெட்டி சுருங்கும். எலெக்‌ஷன் சமயத்துல நம்பர் போடுற பட்டை வந்து ஒரு வாரம் என் கழுத்து வரைக்கும் மூடிடுச்சு, தலை மட்டும் ஆடுது, அப்போ அம்மா வீடியோ கால்ல வந்து, உன் கையை எங்கடி கழட்டி வச்சேன்னு கேட்டா. கேக்கிறதுன்னா கையாலதான். அம்மா ரூபவதிக்குப் பிறவியிலேயே காது கேக்காது, அப்பா தாவீதுக்கும் கேக்காது, அப்பா போய் ரெண்டு வருஷம் ஆச்சு. பொன்னியம்மன் நகர் நாலாவது தெரு, ஆத்துக்கு இறங்குற பள்ளத்துல கடைசி வீடு. அதே தெருவுல காது கேக்காத குடும்பம் இன்னும் மூணு இருக்கு, எங்க ஆளுங்க ஒருத்தரை ஒருத்தர் தேடிப் பிடிச்சு பக்கத்துல பக்கத்துலதான் குடியிருப்பாங்க, பேச ஆள் வேணும்ல. மழை நாள்னா எட்டு பேரும் எங்க வீட்டு டிவி முன்னாடிதான். டெய்லர் சகாயம் அண்ணன் ரிமோட்டைக் கையிலேயே வச்சிருப்பார். வேற எந்தச் சேனலும் அவங்களுக்குக் கிடையாது, பெட்டி இருக்கிற சேனல் இது ஒண்ணுதான்.

ஆரம்பிச்சுட்டார். அன்பார்ந்த பொதுமக்களுக்கு வணக்கம். கை எழும்புது, வணக்கம். இந்த வேலையில முதல் பாடம், அவர் நான்னு சொன்னா நானும் என் நெஞ்சைத் தொட்டு நான்னுதான் சொல்லணும், அமைச்சர் சொல்கிறார்னு சொல்லக் கூடாது, அவர் பேசுற வரைக்கும் நான் கிடையாது, என் உடம்புக்குள்ள அவர்தான். நாலு வருஷத்துல நான் எத்தனை பேரா இருந்திருக்கேன், முதலமைச்சரா இருந்திருக்கேன், எதிர்க்கட்சித் தலைவரா இருந்திருக்கேன், காலையில ஒருத்தரைத் திட்டிட்டு சாயங்காலம் அவரா மாறி பதிலுக்குத் திட்டியிருக்கேன், ஒரு தடவை மயில்சாமின்னு ஒரு எம்.எல்.ஏ. கட்சி மாறினப்போ மதியம் ஒரு கட்சியில அழுதேன், நாலு மணிக்கு இன்னொரு கட்சியில சிரிச்சேன். சொக்கநாதனுக்கு எங்க ஆளுங்க வச்ச பேரு இடது மணிக்கட்டைப் பிடிச்சு ஒரு திருகு திருகுறது, ஏன்னா அவர் பேசும்போது வாட்சைத் திருகிக்கிட்டே இருப்பார், அவர் வாட்சைத் திருகினா புளுகுறார்னு சகாயம் அண்ணனுக்கு ஒரு கணக்கு. இப்பவும் திருகுறார். கடந்த ஆட்சியாளர்கள் ஏரியைத் தூர் வாரினார்களா, வடிகால் அமைத்தார்களா, கரையைப் பலப்படுத்தினார்களா, ஒன்றும் செய்யவில்லை, அதன் விளைவைத்தான் இன்று நாம் அனுபவிக்கிறோம். இதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு, கை தன்னால ஓடுது, கடந்த ஆட்சிங்கிறதுக்குக் கையைத் தோளுக்குப் பின்னாடி தள்ளணும், இந்த நாலு வருஷத்துல அப்படித் தள்ளித் தள்ளியே எனக்குத் தோள்பட்டை வலி வந்திருக்கு. கை ஓடும்போது மனசு சும்மா இருக்கும், அதுதான் இந்த வேலையில ஆபத்து, கைக்கு வேலை இருக்கு, மனசுக்கு இல்ல, அது போய் எங்கயாவது மேஞ்சுட்டு வரும். அம்மா காலையில சாப்பிட்டிருப்பாளா. ஜன்னல் ஓரம் மழைத்தண்ணி கசியும், அதுக்குக் கிழிஞ்ச பாவாடையைச் சுருட்டி வைக்கச் சொன்னேனே, வச்சாளா. போன் பண்ணிக் கேக்கலாம்னா ஸ்டூடியோவுக்குள்ள போன் கூடாது, வெளியில தட்டுல போட்டுட்டு வந்திருக்கேன், அடிச்சா அங்க வெளிச்சம் போட்டுக்கிட்டுக் கிடக்கும்.

என் கால் பக்கத்துல ஒரு டிவி வச்சிருப்பாங்க, வெளியில என்ன போகுதுன்னு அதுல தெரியும். மேல அமைச்சர், மூலையில நான், அடியில ஸ்க்ரோல் ஓடுது. வழக்கமா நான் அதைப் பாக்கிறதில்ல, பாத்தா கை தடுமாறும். இன்னைக்கு என்னமோ கண்ணு போச்சு. ஏரியிலிருந்து பகல் 12 மணிக்கு உபரி நீர் திறப்பு. ஓடிப் போச்சு. விநாடிக்கு 18 ஆயிரம் கனஅடி. பதினெட்டாயிரமா. போன வெள்ளத்துலயே பன்னண்டாயிரம்தானே. பொன்னியம்மன் நகர் உள்ளிட்ட ஆற்றோரத் தாழ்வான பகுதி மக்கள் உடனடியாக வெளியேற மாவட்ட நிர்வாகம் அறிவுறுத்தல். எங்க ஊரு பேரு அது. என் கை இன்னும் தோளுக்குப் பின்னாடி கடந்த ஆட்சியைத் தள்ளிக்கிட்டிருக்கு. ஏரியில ஷட்டரைத் தூக்கினா எங்க பள்ளத்துக்குத் தண்ணி வர ரெண்டு மணி நேரம், பன்னண்டுன்னா ரெண்டு, இல்ல, ஏற்கனவே மழைத்தண்ணி ஆத்துல நிறைஞ்சிருக்கு, ஒண்ணரைக்கே வரும், இப்போ மணி பதினொண்ணு முப்பத்தொண்ணு. அவர் பேச ஆரம்பிச்சா முக்கால் மணி நேரம், அப்புறம் நிருபர்கள் கேள்வி, அப்புறம் தலைப்புச் செய்தி, அதுக்கும் நான்தான் நிக்கணும், மாத்து ஆள் கிடையாது, என்கூட வேலை பாத்த பொண்ணை ஆறு மாசத்துக்கு முந்தி செலவு மிச்சம்னு அனுப்பிட்டாங்க. ஸ்க்ரோல்தான் ஓடுதே, படிச்சுக்குவாங்களேன்னு யாராவது சொல்லலாம். படிக்க மாட்டாங்க. காது கேக்காத பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித் தர அந்தக் காலத்துல யார் மெனக்கெட்டாங்க, அம்மாவுக்குத் தன் பேரு தெரியும், பஸ் நம்பர் தெரியும், பொன்னியம்மன் நகர்ங்கிற எழுத்தை நின்னு நிதானமா பாத்தா தெரியும், இது ரயில் மாதிரி ஓடுது. சகாயம் அண்ணன் கொஞ்சம் படிப்பார், ஆனா அவர் கண்ணெல்லாம் என் கைமேல இருக்கும். காதுல முகுந்தன் குரல் வருது, அவன்தான் நிகழ்ச்சியைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஓட்டுறவன். பியூலா, கை ரொம்ப மேல போகுது, லோகோவை மறைக்குது, கொஞ்சம் இறக்கு. எனக்குக் காதுல மட்டும்தான் வரும், நான் திருப்பிப் பேச வழி கிடையாது. டேய் முகுந்தா, எங்க அம்மாவுக்கு யாரையாவது அனுப்புடான்னு எப்படிச் சொல்றது. பெட்டிக்குள்ள வாயைத் திறந்தாலும் மைக் கிடையாது எனக்கு.

சொல்லிடுவார், சொல்லிடுவார், அமைச்சரே இப்போ சொல்லிடுவார், பன்னண்டு மணிக்கு ஷட்டர் தூக்கறோம், போயிடுங்கன்னு, அவர் வாயில வந்த அடுத்த விநாடி என் கையில வந்துடும், அவ்வளவுதானே. வாயில வரல. மக்கள் பீதி அடைய வேண்டாம். நிலைமை முழுக் கட்டுப்பாட்டில் உள்ளது. சிலர் சமூக வலைத்தளங்களில் வதந்தி பரப்புகிறார்கள். பயப்படாதீங்க, எல்லாம் எங்க கையில இருக்கு, புரளியை நம்பாதீங்க. சொல்றேன், சொல்றேன், என் கையாலேயே எங்க அம்மாவை உக்காரச் சொல்றேன். அவர் ஏன் ஷட்டர் தூக்கறதைச் சொல்ல மாட்டேங்கிறார்னு எனக்குப் புரியுது, ஏரியைத் திறந்த அமைச்சர்னு நாளைக்கு எதிர்க்கட்சி டிவிக்காரன் அவர் குரலையே போட்டுக் காட்டுவான், அதனால அதைச் சொல்ற பொறுப்பு கலெக்டருக்கு, எழுத்துல, ஸ்க்ரோல்ல, அமைச்சர் வாய்க்கு நல்ல சேதி மட்டும்தான். அப்புறம் அந்த வரி வந்தது. தாழ்வான பகுதிகளில் ஒலிபெருக்கி மூலம் தொடர்ந்து அறிவிப்பு செய்யப்பட்டு வருகிறது. என் கை வாய்க்கிட்ட போய் புனல் மாதிரி விரியுது, ஒலிபெருக்கி. இதை யாருக்கு சொல்றேன் நான். எட்டு பேர் அங்க உக்காந்து அதைப் பாத்துத் தலையாட்டிக்கிட்டிருப்பாங்க, ஓஹோ, மைக்குல சொல்றாங்களாம்னு. தெருவுல ஆட்டோவுல குழாய் கட்டிக்கிட்டு எவனாவது கத்திக்கிட்டுப் போவான், கதவு சாத்தியிருக்கும், உள்ளே டிவி ஓடும், அவங்களுக்கு ஆட்டோவும் தெரியாது குழாயும் தெரியாது. போன தடவையும் அப்படித்தான். மூணு தடவை ஆட்டோ போச்சாம். பக்கத்து வீட்டு குமுதா அக்கா அவங்க பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு ஓடுற அவசரத்துல மறந்துட்டாங்க, அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன், நான் காலேஜுக்காக மதுரையில இருந்தேன். கட்டில் நனைஞ்ச பிறகுதான் அப்பா எழுந்திருச்சார். ஒன்றரை நாள் ரெண்டு பேரும் குமுதா அக்கா வீட்டு மொட்டை மாடியில தார்ப்பாயைப் பிடிச்சுக்கிட்டு. படகுல ஏத்தும்போது எவனோ போட்டோ எடுத்தான், மறுநாள் பேப்பர்ல கால் பக்கத்துக்கு அப்பா படம், அடியில, எச்சரிக்கையை மதிக்காமல் வீட்டிலேயே தங்கியவர்கள் மீட்கப்பட்டனர். அதுக்கு அடுத்த நாள் இதே சொக்கநாதன், அப்போ அவர் வேற துறை அமைச்சர், டிவியில சொன்னார், அரசு சொல்லியும் கேளாதவர்களால்தான் மீட்புப் படைக்குச் சிரமம்னு. அப்பா அந்தப் பேப்பரை என்கிட்ட நீட்டினார். என் படம் வந்திருக்கே, என்ன போட்டிருக்கான், படின்னார். சந்தோஷமா இருந்தார், முடியைத் தடவிக்கிட்டார். நான் படிச்சேன். ஒரு எழுத்தும் குறைக்காம கையால படிச்சுச் சொன்னேன், அவர் முகம் மாறுறதைப் பாத்துக்கிட்டே சொன்னேன். சாகிற வரைக்கும் தெருவுல புதுசா யாரைப் பாத்தாலும் அப்பா தன் காதைத் தொட்டு, எனக்குக் கேக்கல, நான் மதிக்காம இருக்கலன்னு சைகை காட்டுவார், அந்த ஆளுக்கு என்ன புரியும், பாவம், அஞ்சு ரூபாய் எடுத்து நீட்டுவான்.

ஏன் குறைக்காம சொன்னேன்னா, அதுக்கும் முந்தி ஒரு கதை இருக்கு. எனக்கு அப்போ பதினோரு வயசு. அப்பாவுக்குச் சர்க்கரை, கால் சுண்டு விரல் கருத்துப் போச்சு, டாக்டர் என்னைப் பாத்து, உங்க அப்பாகிட்ட சொல்லு பாப்பா, விரலை எடுக்கணும், நாளைக்கே வந்து படுக்கணும்னார். எனக்குச் சொல்லக் கை வரல. அப்பா பயந்துடுவாரேன்னு, மருந்து தர்றார், மாத்திரை போட்டா சரியாகிடுமாம்னு சொல்லிட்டேன். நல்லதுன்னு நினைச்சுத்தான் சொன்னேன். ரெண்டு மாசத்துல பாதிப் பாதம் போச்சு. டாக்டர் அம்மாவைப் பிடிச்சு அப்பவே சொன்னேனேன்னு கத்த, அதையும் நான்தான் கையால சொல்ல வேண்டியிருந்தது, என் திருட்டுத்தனத்தை நானே சொன்னேன். அம்மா அடிக்கல. எட்டு நாள் என்கிட்ட கையைத் தூக்கவே இல்ல, முந்தானைக்குள்ள கையைச் சுருட்டி வச்சுக்கிட்டா. அந்த வீட்டுல கை பேசலைன்னா சத்தமே கிடையாது, எனக்குப் பைத்தியம் பிடிக்கிற மாதிரி ஆயிடுச்சு. ஒன்பதாம் நாள் சொன்னா. உனக்குக் காது இருக்கு, அது எங்களுக்கும் சேத்துத்தான். வர்றதை அப்படியே கொடு. கூட்டாதே, குறைக்காதே. எங்களுக்கு எது தெரியணும்னு நீ முடிவு பண்ணாதே. அன்னையிலேர்ந்து நான் கூட்டினதும் இல்ல, குறைச்சதும் இல்ல. ரேஷன் கடைக்காரன் கெட்ட வார்த்தை சொன்னாலும் அப்படியே கெட்ட வார்த்தைதான். அதனாலதான் எங்க ஆளுங்க என் பெட்டியை நம்புறாங்க, ரூபவதி பொண்ணு சொன்னா அது நடந்ததுன்னு அர்த்தம்.

மணி பதினொண்ணு முப்பத்தெட்டு. இப்போ அவர் நிவாரண முகாமில் சூடான உணவு, பால், பிரெட்னு அடுக்கிக்கிட்டிருக்கார், என் கை பாலைக் கறக்குது. திடீர்னு, எப்படி வந்ததுன்னு தெரியல, ஒரு நினைப்பு வந்து உடம்பெல்லாம் ஜிவ்வுனு ஏறுது. இந்தக் கட்டடத்துல என் கையைப் புரிஞ்சவன் ஒருத்தன் கிடையாது. முகுந்தனுக்குப் புரியாது. அவனுக்கு மேல இருக்கிற எடிட்டருக்குப் புரியாது. டிவி முதலாளிக்குப் புரியாது. அங்க நிக்கிற அமைச்சருக்குப் புரியாது, அவரோட அதிகாரிக்குப் புரியாது, தினமும் எல்லா டிவியையும் ரெக்கார்ட் பண்ணி எவன் என்ன சொன்னான்னு துருவுற கட்சி ஆளுங்களுக்குப் புரியாது. ஒரு வார்த்தை தப்பா வந்தா போன் மேல போன் அடிக்கிற இந்த ஊர்ல, என் பெட்டியை மட்டும் யாரும் கேக்கல. அரசாங்கம் பெட்டி போடச் சொல்லுச்சு, போட்டாங்க, அதோட சரி. நான் நாலு வருஷமா இதுக்குள்ள நிக்கிறேன், கதவுல பூட்டே இல்லைங்கிறது எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது. ஐயோ, சிரிப்பு வருது, அடக்கு, அமைச்சர் சிரிக்கல. பியூலாவா நின்னு நான் சொல்லலாம், இது என் சொந்தப் பேச்சு, ஓடுங்கன்னு, ஒரு அடி நகர்ந்து நின்னா அது என் பேச்சுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுடும். ஆனா சகாயம் அண்ணனைத் தெரியாதா எனக்கு, லைவ்ல நிக்கும்போது உனக்கு என்ன சொந்தப் பேச்சு, அமைச்சரே பயப்படாதீங்கங்கிறார், இவளுக்கு என்னன்னு ரிமோட்டை ஆட்டி ஆட்டி அரை மணி நேரம் வாதம் பண்ணுவார், எட்டு பேரும் சுத்தி நின்னு வேடிக்கை பாப்பாங்க. அமைச்சர் சொன்னா கிளம்புவாங்க. அமைச்சர்தான் சொல்லணும். கூட்டாதேன்னு சொன்ன அம்மா அங்க உக்காந்திருக்கா. மன்னிச்சுக்கம்மா, இது ஒண்ணே ஒண்ணு. நான் நகரல, நெஞ்சைத் தொட்டேன். நான் சொல்கிறேன். பன்னண்டு மணிக்கு ஏரியைத் திறக்கிறோம். பெரிய தண்ணி, போன தடவையை விடப் பெரிசு. பொன்னியம்மன் நகர், ஆத்தோரப் பள்ளம், இப்போ, இந்த நிமிஷம், கிளம்புங்க. கதவைப் பூட்டிட்டு மேட்டுல இருக்கிற மாநகராட்சிப் பள்ளிக்கூடத்துக்குப் போங்க. மாத்திரையை எடுத்துக்கோங்க. காது கேக்காதவங்க உங்க தெருவுல யார் யார் இருக்காங்களோ கதவைத் தட்டாதீங்க, உள்ளே போய்த் தொட்டு எழுப்புங்க. அங்க அமைச்சர் தரமான பிரெட்டுங்கிறார்.

நிறுத்தியிருக்கணும், அவ்வளவுதான் வேலை. முகுந்தன் காதுல ஒண்ணும் சொல்லல. ஸ்டூடியோவுல கேமராக்காரர் கொட்டாவி விடுறார். எதுவும் இடியல. உடம்பு சூடா இருக்கு, விரல் நுனி வரைக்கும் ரத்தம் துடிக்குது, கை நிக்க மாட்டேங்குது, சின்ன வயசுல முதல் தடவை சைக்கிள்ல பள்ளத்துல இறங்கினப்போ பிரேக்கைத் தொடவே மனசு வரல, அப்படி இருக்கு. அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைக்கிறார், நாலு விநாடி பேச்சு இல்ல. அந்த நாலு விநாடி எனக்குப் போதும். நெஞ்சைத் தொட்டேன். போன வெள்ளத்துல நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். அறிவிப்பை நீங்க மதிக்கலன்னு சொன்னேன். உங்களுக்குக் கேக்காதுங்கிறதை நான் யோசிக்கல. மைக்குல கத்தினது எங்க தப்பு, உங்க தப்பு இல்ல. மன்னிச்சுக்கோங்க. ரெண்டு கையையும் கூப்பினேன். தலையைக் கூடக் குனிஞ்சேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கிட்டு, எனவே எதிர்க்கட்சியினர் இதில் அரசியல் செய்யாமல்னு ஆரம்பிச்சார், நானும் எதிர்க்கட்சியினர் இதில் அரசியல் செய்யாமல்னு பின்னாடியே போனேன், ஒரு எழுத்து பிசகல. அப்பா, கேட்டியா, அவர் மன்னிப்புக் கேட்டார். அவர் கேக்கலடி பைத்தியக்காரி, நீயே கேட்டுக்கிட்டே. பரவாயில்ல. யாரோ கேக்கணும்ல.

அதுக்கப்புறம் நிருபர்கள் கேள்வி, பதில் சொல்லாத பதில், எல்லாத்தையும் கை சொல்லுச்சு, பயம் இப்போதான் மெதுவா ஏறுது. அவங்க கிளம்பினாங்களா. கரண்ட் போயிருந்தா. சகாயம் அண்ணன் அந்த நேரம் பாத்து டீ வாங்கப் போயிருந்தா. அம்மா பாத்துட்டு, இது மணிக்கட்டுக்காரன் பேச்சு மாதிரி இல்லையே, என் பொண்ணு கையாச்சேன்னு கண்டுபிடிச்சிருந்தா. அவ கண்ணு என்ன லேசுப்பட்டதா, நான் காய்ச்சல்ல இருந்தா கை பாத்தே சொல்லிடுவா. இன்னொண்ணு இருக்கு, அது இன்னும் மோசம். ஊர் பூரா எத்தனை வீட்டுல எத்தனை பேர் பாத்திருப்பாங்க, அவங்கள்ல ஒருத்தருக்குக் காது கேக்கிற படிச்ச மகன் இருந்து, சத்தத்தையும் கையையும் சேத்துப் பாத்தான்னா, வேலை போறது கிடக்கட்டும், நாளையிலேர்ந்து அந்தப் பெட்டியை எவன் நம்புவான். பொய்ப் பெட்டின்னு ஆயிடும். மத்த டிவி எல்லாம் கட்சிக்கு ஒண்ணு, ஆளுக்கு ஒரு உண்மை, எங்க ஆளுங்களுக்கு இந்தத் தீப்பெட்டி ஒண்ணுதான் நேரா இருந்தது, அதையும் நான் கோணலாக்கிட்டேனா. பன்னண்டே காலுக்குத் தலைப்புச் செய்தி முடிஞ்சது. லைட் அணைஞ்சதும் முகுந்தன் கதவைத் திறந்துக்கிட்டு வந்தான். "சூப்பர் பியூலா, இன்னைக்கு நல்ல எக்ஸ்பிரஷன். ஆனா கையைக் கொஞ்சம் கீழயே வச்சுக்க, லோகோ மறையுதுன்னு மேல கேக்கறாங்க" அப்படின்னான். சரிப்பான்னேன்.

தட்டுல போன் அதிர்ந்துக்கிட்டே கிடக்குது, அம்மாகிட்டேருந்து பதினாறு வீடியோ கால். எடுத்தேன். முதல்ல ஒரு கரும்பலகை தெரிஞ்சது, அப்புறம் சகாயம் அண்ணன் மூக்கு, அப்புறம் அம்மா, தலை முழுக்க நனைஞ்சு, பள்ளிக்கூட பெஞ்சுமேல மாத்திரைப் பையை மடியில வச்சுக்கிட்டு. அப்படியே காரிடார்ல உக்காந்துட்டேன். போனைச் செருப்புமேல சாத்தி வச்சாத்தான் ரெண்டு கையும் கிடைக்கும். வந்துட்டீங்களா. வந்துட்டோம், எட்டு பேரும், பூட்டிட்டு வந்துட்டோம், தெருவுல மழைத்தண்ணியே முழங்கால் அளவு ஓடுது இப்பவே. அம்மா கை அவ்வளவு வேகமா போய் நான் பாத்ததில்ல, பத்து வயசு குறைஞ்சவ மாதிரி இருந்தா. அந்த மணிக்கட்டுக்காரர் என்னமா பேசினார்டி. தொட்டு எழுப்புங்கன்னாரே, அது எத்தனை பேருக்குத் தோணும். மன்னிப்பு வேற கேட்டார், கை கூப்பினார், நீயே குனிஞ்சியே. அப்பா இருந்திருந்தா. அம்மா மூக்கை முந்தானையில துடைச்சுக்கிட்டா. அப்புறம், ஒரு விஷயம், கேட்டுச் சொல்லு. இங்க குமுதாவும் வந்திருக்கா, நான் அவகிட்ட சொன்னேன், அமைச்சரே மன்னிப்புக் கேட்டார் பாத்தியான்னு. அவ சிலேட்டுல எழுதிக் காட்டறா, அப்படி ஒண்ணும் அவர் சொல்லவே இல்லையாம், அவளும் டிவிதான் பாத்துக்கிட்டிருந்தாளாம், பிரெட் தர்றேன்னுதான் சொன்னாராம், சகாயம்தான் படிச்சுச் சொன்னான். அவளுக்குக் காது இருந்து என்ன பிரயோஜனம், பேரனைக் கொஞ்சிக்கிட்டே பாத்திருப்பா. நீ சொல்லு. அங்க நின்னவ நீ. அவர் அப்படியே சொன்னாரா.

அம்மா கண்ணு இமைக்கல. பின்னாடி சகாயம் அண்ணன், அவர் சம்சாரம், தெருமுனை வீட்டு மரியதாஸ், எல்லாரும் நகர்ந்து அவ தோளுக்கு மேல எட்டிப் பாக்கறாங்க, குமுதா அக்கா ஒரு ஓரமா சிலேட்டோட நிக்கறாங்க, உண்மையைச் சொன்ன ஒரே ஆளு. இல்லம்மா, நான்தான் கூட்டிச் சொன்னேன்னு சொல்லிடலாம், கை பாதி வரைக்கும் எழும்பியும் போச்சு. சொன்னா தண்ணி வர்றதுக்கு முந்தி காப்பாத்தினவ நான்னு ஆகும், ஆனா நாளைக்குக் காலையில செய்தி வரும்போது அந்த எட்டு பேரும் என் கையைப் பாத்து, இது அவன் சொன்னதா இவ சொன்னதான்னு ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குவாங்க. அப்பாவுக்குக் கிடைச்ச மன்னிப்பும் போயிடும். போனுக்கு நேரா, நல்லா வெளிச்சத்துல, கையைக் காட்டினேன். சொன்னார்மா. வார்த்தைக்கு வார்த்தை அப்படியே சொன்னார். அம்மா குமுதா அக்கா பக்கம் திரும்பி, பாத்தியாங்கிற மாதிரி முகவாயைத் தூக்கினா. அப்புறம் போனைத் தூக்கிப் பிடிச்சு எல்லாரையும் காட்டினா. எட்டு பேரும் ஆளுக்கு ஆள் மணிக்கட்டைத் திருகிக் காட்டிட்டு, ஆள்காட்டி விரலை நீட்டி, ஓட்டுப் போட்ட மாதிரி அதுமேல மை வைக்கிற சைகை காட்டினாங்க.